தீ எரியும் பழைய நியூயார்க் படங்கள்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

ஏட்டுச்சுரைக்காய்
சனி, காலை 9:12

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஒரு மணி நேரப் பேச்சை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைப்பு என் இஷ்டம். ஊரே தீப்பற்றி எரிவதைக் காட்டும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அச்சுப் படங்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன், அதிலும் நியூயார்க் படங்கள். அந்த ஊரில் 1865 வரை சம்பளத்துக்கு வேலை பார்த்த தீயணைப்புப் படையே கிடையாது. கசாப்புக் கடைக்காரர், தச்சர், கடைக் குமாஸ்தா என்று பகலில் வேறு பிழைப்பு பார்த்தவர்கள்தான் மணி அடித்தால் ஓடிப்போய் வண்டியை இழுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு 'கம்பெனி'. அதற்கு ஒரு எண், ஒரு பட்டப்பெயர், ஒரு கொட்டகை.

இவர்கள் பார்த்த பெரிய தீ 1835 டிசம்பர் 16 இரவு பிடித்தது. வால் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு கிடங்கில் ஆரம்பித்து மறுநாளும் எரிந்தது. 17 பிளாக், 600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். குளிர் மைனஸ் 27 டிகிரி செல்சியஸ், ஆறு உறைந்து கிடந்தது. செத்தது இரண்டே பேர், ஆனால் சேதம் சுமார் 2 கோடி டாலர். அன்று ஊரில் இருந்த 26 தீக்காப்பீட்டு நிறுவனங்களில் 23 திவாலாயின.

என் கையில் இருக்கும் படங்கள் மூன்று ரகம். நேப்பிள்ஸிலிருந்து வந்து குடியேறிய நிகோலினோ காலியோ என்ற ஓவியர் அந்தத் தீயைத் தூரத்திலிருந்து பார்த்து வரைந்த வண்ண ஓவியங்கள். அதே தீயில் இடிந்த வணிகர் மாளிகையை (மெர்ச்சன்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்) நத்தானியல் கரியர் என்ற இளம் அச்சுக்காரர் கல்லச்சில் போட்டு விற்ற படம். பிறகு அதே கரியர் 1854இல் வெளியிட்ட 'தீயணைப்பு வீரனின் வாழ்க்கை' என்ற நான்கு பெரிய படங்கள்: இரவில் அழைப்பு, ஓட்டப் பந்தயம், தீ, இடிபாடு.

பார்க்கப் பார்க்க அழகாக இருக்கின்றன. எனக்கு இடிப்பதே அந்த அழகுதான். இதில் எது சாட்சியம், எது ஒப்பனை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லச்சு
சனி, காலை 10:40

நல்ல தலைப்பைப் பிடித்திருக்கிறீர்கள். கரியரைப் பற்றி இரண்டு விஷயம் முதலில் தெரிய வேண்டும்.

ஒன்று, அந்த மனிதர் பெயரெடுத்ததே விபத்துப் படங்களில். 1835 மே மாதம் நியூ ஆர்லியன்ஸில் பிளான்டர்ஸ் ஓட்டல் இடிந்து விழுந்ததைப் படமாகப் போட்டார். அதே டிசம்பரில் வணிகர் மாளிகை. தீ அணைந்த சில நாளிலேயே படம் தெருவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 22. 1840 ஜனவரியில் லாங் ஐலண்ட் நீரிணையில் லெக்சிங்டன் என்ற நீராவிக் கப்பல் தீப்பிடித்து, பிழைத்தவர் நான்கே பேர் என்றான விபத்தில் 'சன்' பத்திரிகையோடு சேர்ந்து கூடுதல் தாள் போட்டார். அதுதான் அவரை ஊரறியச் செய்தது. அன்றாடச் செய்தித்தாளில் படம் அபூர்வமாகவே வந்த காலம். எழுத்து ஒரு அச்சில், படம் வேறு அச்சில் போட்டுத் தர வேண்டிய நிலை.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. கரியரே தன்னார்வத் தீயணைப்புக்காரர். எக்செல்சியர் இரண்டாம் எண் கம்பெனி. 1854 வரிசையின் முதல் படத்தில் கொட்டகையிலிருந்து வெளியே இழுக்கப்படுவது அந்த இரண்டாம் எண் வண்டியேதான். 1858இல் 'எப்போதும் தயார்' என்ற படத்துக்கு மாடலாக நின்றவரும் அவரே. வரைந்தவர் லூயிஸ் மாரர், ஜெர்மனியில் பிறந்தவர், 1932 வரை இருந்து நூறைத் தொட்டவர். ஆக, முதலாளி தன் சொந்தப் படையைத் தானே அச்சடித்து விற்கிறார். வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் அதே படையின் ஆட்கள். ஒவ்வொரு கொட்டகைச் சுவரிலும், ஒவ்வொரு சாராயக் கடையிலும் மாட்டப் போகிற படம்.

செய்முறையையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்பவர்களுக்குப் பிடிக்கும். பவேரியாவிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மெழுகுக் குச்சியால் தலைகீழ்ப் பிம்பமாக வரைய வேண்டும். அதாவது வண்டியின் எண், கடைப் பலகை எல்லாம் கண்ணாடியில் தெரிவது மாதிரி எழுதணும். கல்லை நனைத்து மை உருட்டினால் கோட்டில் மட்டும் மை பிடிக்கும். கறுப்பில் அச்சானபிறகு நீள மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிறம் தீட்டித் தள்ளிவிடுவார்கள். தீயின் ஆரஞ்சு ஒருத்தி கை, சட்டையின் சிவப்பு இன்னொருத்தி கை. அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் தீ இரண்டு விதமாக எரியும்.

மறுத்துப்பேசி
சனி, காலை 11:25

அப்படியென்றால் இதைச் செய்திப் படம் என்றே சொல்லக்கூடாது, விளம்பரம். சங்கத்துக் காலண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'செய்தி'ப் படங்களாவது யோக்கியமா? லண்டனில் 'இல்லஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ்' 1842 மே 14 அன்று முதல் இதழ் போட்டது. அப்போதுதான் ஹாம்பர்க் நகரம் எரிந்து முடிந்திருந்தது. முன்பக்கத்தில் எரியும் ஹாம்பர்க் படம். அது எப்படிக் கிடைத்தது தெரியுமா? பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஹாம்பர்க் நகரின் பழைய படம் ஒன்றை எடுத்து நகல் போட்டு, மேலே தீயையும் புகையையும், முன்னால் கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் ஜனத்தையும் வரைந்து சேர்த்துவிட்டார்கள். உலகின் முதல் படச் செய்தி வார இதழ் பிறந்த லட்சணம் இது. ஏட்டுச்சுரைக்காய், உங்கள் பேச்சை இங்கேதான் தொடங்கணும்.

ஏட்டுச்சுரைக்காய்
சனி, காலை 11:31

ஐயையோ, இது எனக்குத் தெரியாது. பிரமாதம். எடுத்துக்கொள்கிறேன்.

குழாய்க்காரர்
சனி, மதியம் 2:05

தம்பிகளா, நான் தீயணைப்புத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன். படம் வரையற கலை எனக்குத் தெரியாது. ஆனா ஏட்டுச்சுரைக்காய் சொன்ன 1854 படங்களைத் தேடிப் பெரிசாக்கிப் பார்த்தேன். மறுத்துப்பேசி சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன்.

தீ பொய். அதுல சந்தேகமே இல்ல. நெஜமான கட்டடத் தீயில முதல்ல உங்க கண்ணுக்குத் தெரியறது புகைதான், அதுவும் கறுப்பா, கனமா. படத்துல புகை ஒழுங்கா ஒரு பக்கமா ஒதுங்கி, வேலை செய்யற ஆளுங்க முகமெல்லாம் பளிச்சுன்னு தெரியற மாதிரி விட்டிருக்கான். இப்படி ஒரு வெளிச்சத்துல நாங்க ஒருநாளும் வேலை பார்த்ததில்ல.

ஆனா சாமானைப் பாருங்க. பம்ப் வண்டியில ரெண்டு பக்கமும் நீளமா கைக்கம்பு. ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் எழும்பும். கம்பைப் பிடிச்சவன் கால் எப்படி ஊன்றியிருக்கான், எத்தனை பேர் ஒரு கம்புக்கு, மாத்து ஆள் எங்க நிக்கறான், எல்லாம் சரியா இருக்கு. அந்தக் கம்பை நிமிஷத்துக்கு 60 தடவை அமுக்கறது சாதாரண வேகம். போட்டி வந்துட்டா 120க்கும் மேல போவாங்களாம். அந்த வேகத்துல ஒருத்தன் ரெண்டு நிமிஷம் தாங்கினா பெரிசு. ஓடற கம்பைப் பிடிக்கப்போய் விரல் உடைஞ்சவன் எத்தனையோ பேர். அதனால மாத்து ஆள் தயாரா நிக்கறது அலங்காரத்துக்கு இல்ல.

தோல் ஹோஸைப் பாருங்க. கித்தான், ரப்பர் எல்லாம் பரவறதுக்கு முந்தி தோலைச் சுருட்டி விளிம்புல செம்பு ரிவெட் அடிச்சு ஹோஸ் பண்ணினாங்க. 1808 வாக்கில பிலடெல்பியாவுல வந்த முறை. அந்த ரிவெட் வரிசைகூட பெரிசாக்கினா தெரியுது. தோல் ஹோஸ் காய்ஞ்சா வெடிக்கும், கொழுப்பு தடவித் தடவி வைக்கணும். கனம் தாங்காது. ஆள் தோள்ல போட்டு இழுக்கற இடத்துல உடம்பு எப்படிச் சாய்ஞ்சிருக்குன்னு பாருங்க. அது இழுத்துப் பார்த்தவன் பக்கத்துல நின்னு சொல்லித் தந்தாத்தான் வரும்.

என் கணக்கு இதுதான். வாங்கறவன் தீயணைப்புக்காரன். தீயைத் தப்பா வரைஞ்சா அவனுக்குக் கவலையில்ல, சந்தோஷப்படுவான். ஹோஸை இணைக்கற கப்ளிங்கைத் தப்பா வரைஞ்சா சிரிச்சுட்டு வாங்காமப் போயிடுவான். அதனால சாமான் விஷயத்துல இந்தப் படத்தை நம்பலாம்.

மறுத்துப்பேசி
சனி, மதியம் 2:20

ஐயா, கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. சாமானை விட்டுக்கொடுக்கிறேன். ஆட்களை விடமாட்டேன், இரவு எழுதுகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்
சனி, மதியம் 3:48

குழாய்க்காரர் ஐயா, ஒரு சந்தேகம். 1835 தீயைப் பற்றிப் படித்தபோது 'பிளாக் ஜோக்' என்ற 33ஆம் எண் வண்டியைக் கிழக்கு ஆற்றில் நின்ற ஒரு பாய்க்கப்பலின் மேல்தளத்தில் இறக்கி வைத்தார்கள் என்று வருகிறது. பம்ப் வண்டியை எதற்குக் கப்பலில் ஏற்ற வேண்டும்? கரையிலிருந்தே குழாயை விடக்கூடாதா?

குழாய்க்காரர்
சனி, மாலை 5:30

விடலாம், தண்ணி வராது.

பம்ப் தண்ணியை 'இழுக்கறது'ன்னு நாம சொல்றோம். நெஜத்துல பம்ப் செய்யறது உள்ள இருக்கற காத்தை எடுக்கறது மட்டும்தான். வெளிக்காத்து அமுக்கித் தண்ணியை மேல ஏத்துது. கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில 7, 8 மீட்டர் வந்தாலே பெரிய விஷயம். தண்ணிக்குள்ள விடற சக்‌ஷன் ஹோஸ் ஜாயின்ட்ல நூலளவு காத்து புகுந்தாலும் அதுவும் போச்சு. இன்னைக்கு டீசல் பம்ப்புக்கும் இதே சட்டம்தான். அன்னைக்குத் துறைமுக மேடையில இருந்து ஆத்து மட்டம் தாழ்வு, மேல பனிக்கட்டி வேற. கோடாலியால பனியை வெட்டி ஓட்டை போட்டு அதுல சக்‌ஷனை விட்டாங்க. கப்பல் தளம் மேடையைவிடத் தண்ணிக்குப் பக்கம். அதான் காரணம்.

அங்கயிருந்து தீ இருக்கற இடம் தூரம். ஒரு வண்டி அடிச்ச தண்ணி அடுத்த வண்டியோட தொட்டியில விழும், அது அடுத்ததுக்கு அடிக்கும். ரிலே பம்பிங்னு நாங்க இன்னைக்கும் செய்யறோம். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பின்னால இருக்கற வண்டி வேகமா அடிச்சு, முன்னால இருக்கறவன் அதே வேகத்துல காலி பண்ணலேன்னா தொட்டி நிரம்பி வழியும். நமக்கு அது சின்ன விஷயம், வாக்கி டாக்கியில சொல்லிக் குறைச்சுக்குவோம். அவங்களுக்கு அது மானப் பிரச்சினை. வழிஞ்ச கம்பெனியை 'கழுவிட்டாங்க'ன்னு ஊரே கேலி பண்ணுமாம். அதுவரைக்கும் ஒருதடவைகூடக் கழுவப்படாத வண்டி 'கன்னி'. பக்கத்துல வீடு எரியும்போது இவங்க ரெண்டு பேரும் யார் தொட்டி வழியுதுன்னு போட்டி.

1835 ராத்திரி போட்டிக்கெல்லாம் வழியில்ல. ரெண்டு நாள் முன்னாடிதான் வேற தீ விபத்துகள்ல ராவெல்லாம் வேலை பார்த்துக் களைச்சுக் கிடந்தவங்க. காத்து எதிர்ல. அடிச்ச தண்ணி உறைஞ்சு இவங்க மேலயே விழுந்துச்சு. பம்ப் உறையாம இருக்கணும்னா அமுக்கறதை நிறுத்தவே கூடாது. பூட்ஸுக்குள்ள பிராந்தி ஊத்திக்கிட்டாங்க, கால் விறைக்காம இருக்க. கடைசியில புரூக்ளின் கடற்படைத் தளத்துல இருந்து வெடிமருந்து கொண்டுவந்து, எரியாத கட்டடங்களை வெடிச்சு இடைவெளி உண்டாக்கித்தான் நிறுத்தினாங்க. பிலடெல்பியாவுல இருந்து சுமார் 400 பேர் உதவிக்குக் கிளம்பி வந்தாங்க.

இந்த ராத்திரிக்கு நல்ல படம் ஒண்ணுகூட இல்ல பாருங்க. காலியோ வரைஞ்சது தூரத்துல இருந்து, ஊரே சிவப்பா. கரியர் போட்டது தீ முடிஞ்சப்புறம் இடிபாடு. பனியில ஓட்டை போட்டவனைப் பக்கத்துல நின்னு யாரும் வரையல. வரைய முடியாது, மை உறைஞ்சிருக்கும்.

கல்லச்சு
சனி, மாலை 6:10

காலியோவின் ஓவியங்களைப் பார்த்து வில்லியம் ஜேம்ஸ் பென்னட் செம்புத் தகட்டில் அமிலத்தால் அரிக்கும் 'அக்வாடின்ட்' முறையில் அடுத்த வருடமே அச்சிட்டார். பேச்சில் ஒரே ஒரு 1835 படம்தான் காட்டலாம் என்றால் அதைக் காட்டுங்கள். கரியரின் படம் அவசரத்தில் செய்தது, கறாரான கோடு, உயிர் கம்மி. பென்னட்டினுடையதில் வானம் மட்டும் பாதிப் படத்துக்கு மேல். பிலடெல்பியாவிலிருந்தே அந்த வெளிச்சம் தெரிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அந்த வானம்.

ஒரு துணுக்கு: வணிகர் மாளிகைக்குள் அலெக்சாண்டர் ஹாமில்டனின் பளிங்குச் சிலை இருந்தது. ராபர்ட் பால் ஹியூஸ் செதுக்கியது, அந்த வருடம்தான் வைத்தார்கள். வெளியே இழுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கூரை விழுந்து நொறுங்கியது. கரியர் படத்தில் அந்தக் கூரையில்லாத கட்டடத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

நியூவார்க் நாச்சியார்
ஞாயிறு, காலை 6:55 (உங்களுக்கு மாலை)

நான் இருப்பது நியூ ஜெர்சி. மன்ஹாட்டன் ஸ்பிரிங் தெருவில் தீயணைப்பு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன், அவர்களைவிட நான்தான் அதிக நேரம் நின்றேன்.

படங்களில் கைவண்டி பெரிதாகத் தெரியும். நேரில் பார்த்தால் நம் மார்பளவு உயரம்தான். ஆனால் ஒப்பனையைப் பார்க்கணும்! பித்தளைத் தகடு, செதுக்கிய மரம், பக்கப் பலகையில் எண்ணெய் வண்ண ஓவியம். தண்ணீர் அடிக்கிற யந்திரத்துக்குத் தேர் மாதிரி அலங்காரம். முன்னால் நீளக் கயிறு, குதிரை கிடையாது, ஆட்கள்தான் வடம் பிடித்தார்கள்.

தொப்பியை அங்கே கையில் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தோல், பின்பக்கம் விளிம்பு நீளம். மேலிருந்து விழும் தண்ணீரும் கங்கும் கழுத்துக்குள் போகாமல் முதுகுக்குப் பின்னால் வழிய. ஹென்றி கிராட்டகாப் என்ற பெட்டி செய்பவர் 1830களில் கொண்டுவந்த வடிவம், அவரும் தன்னார்வத் தீயணைப்புக்காரர். இன்றைக்கு அமெரிக்காவில் தீயணைப்புக்காரர் போடுவதும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். நெற்றிப் பட்டயத்தில் கம்பெனி எண் இருக்கும். ஏட்டுச்சுரைக்காய், உங்கள் 1854 படங்களில் ஆட்களின் நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்கள், யார் எந்தக் கம்பெனி என்று பிரித்துவிடலாம்.

இன்னொன்று. படத்தில் எல்லாம் வெள்ளைக்கார ஆண்கள். 1810களில் ஓஷியானஸ் 11ஆம் எண் கம்பெனியில் மாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். ஏமார் என்ற வணிகர் வீட்டில் அடிமையாக இருந்தவர். பனிப்புயலில் ஆட்கள் பலர் நோயில் படுத்துவிட, இவர் கயிற்றைப் பிடித்து வண்டியை இழுத்துப் போனார். 'பதினொன்றாம் எண் தன்னார்வலர்' என்றே அவருக்குப் பெயர். அவரைப் பற்றிக் கரியர் ஒரு படமும் போடவில்லை.

மறுத்துப்பேசி
ஞாயிறு, இரவு 8:15

அக்கா என் வேலையைப் பாதி முடித்துவிட்டார். மீதி இதோ.

ஏட்டுச்சுரைக்காய் கேட்ட 33ஆம் எண், பிளாக் ஜோக். 1835இல் கப்பல் தளத்தில் நின்று ஊரைக் காத்த எண். 1863 ஜூலையில் உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. குலுக்கலில் பிளாக் ஜோக் ஆட்களின் பெயரும் விழுந்தது. தீயணைப்புக்காரர்களுக்குப் படைப் பயிற்சியிலிருந்தும் ஜூரி வேலையிலிருந்தும் விலக்கு என்பது அதுவரை இருந்த சலுகை. ஜூலை 13 காலை கம்பெனியே திரண்டு போய், மூன்றாம் அவென்யூவில் குலுக்கல் நடந்த அலுவலகத்தைக் கல்லால் அடித்துத் தீ வைத்தது. ஆமாம், தீயணைப்புப் படை. அதிலிருந்து வெடித்த கலவரம் நாலு நாள் நடந்தது. கறுப்பினத்தவரைத் தேடித்தேடிக் கொன்றார்கள். ஐந்தாம் அவென்யூவில் கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்வழியாகத் தப்பித்தார்கள்.

இதற்கும் படம் உண்டு, ஆனால் கரியரிடம் தேடாதீர்கள். 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' 1863 ஆகஸ்ட் 1 இதழில் மரச்செதுக்குப் படங்களாக வந்தன. 1854 வரிசையைக் காட்டிவிட்டு அடுத்த சிலைடில் இதைப் போடுங்கள்.

அரசியல் வேறு. ஒரு கம்பெனிக்குத் தலைவர் ஆனால் பேட்டையின் ஓட்டு கையில். வில்லியம் ட்வீட் என்ற மகா ஊழல்வாதி மேலே வந்த ஏணி அமெரிகஸ் ஆறாம் எண் கம்பெனி, 'பிக் சிக்ஸ்'. அந்த வண்டியில் வரைந்திருந்தது புலித்தலை. பின்னால் தாமஸ் நாஸ்ட் 1871இல் ட்வீட் கூட்டத்தைப் புலியாக வரைந்து கேலிச்சித்திரம் போட்டாரே, அந்தப் புலி இந்த வண்டிப் பலகையிலிருந்து குதித்ததுதான்.

குழாய்க்காரர்
திங்கள், காலை 7:20

மறுத்துப்பேசி, 1863 பத்தி நீங்க எழுதினது சரி, அதை மறைக்கறது தப்பு. ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. அதே அநாதை இல்லத்துத் தீயை அணைக்கப் போனவர் தீயணைப்புப் படைத் தலைவர் ('தலைமைப் பொறியாளர்'னு பதவிப் பேர்) ஜான் டெக்கர், கூடப் போனது தன்னார்வலங்க. அவர் கும்பலுக்கு முன்னால நின்னு கையெடுத்துக் கும்பிடாத குறையாக் கெஞ்சினார், அவரையும் அடிச்சாங்க. தீ வெச்சவன், அணைக்கப் போனவன், ரெண்டு பேர் தலையிலயும் ஒரே தொப்பி.

வேற ஒரு விஷயத்துல நான் உங்க கட்சி. நீராவிப் பம்ப் வந்தப்போ இவங்க பண்ணின முட்டுக்கட்டை. 1841லயே பால் ஹாட்ஜ்னு ஒருத்தர் காப்பீட்டு நிறுவனங்க பணத்துல நியூயார்க்ல நீராவி எஞ்சின் செஞ்சு ஓட்டிக் காட்டினார். கனம் அதிகம், அது நெஜம். ஆனா அதைவிடப் பெரிய தடை, 'இது வந்தா நாங்க எதுக்கு'ங்கற பயம். ஓரங்கட்டிட்டாங்க. சின்சினாட்டி 1853 ஏப்ரல்ல முந்திக்கிச்சு: நீராவி வண்டி, குதிரை, சம்பள ஆள். கம்பு அமுக்க 40, 50 பேர் வேண்டிய இடத்துல கொஞ்சம் பேர் போதும்னு ஆயிடுச்சு. கம்பெனி சண்டை, ஓட்டு, எல்லாத்துக்கும் அடிப்படை அந்த 50 பேர் கூட்டம்தானே.

திண்ணை
திங்கள், காலை 11:02

இழை அருமை. நான் கேள்விப்பட்ட ஒன்று: அந்தக் காலத்தில் வீட்டுச் சுவரில் காப்பீட்டு நிறுவனத்தின் உலோக முத்திரைப் பலகை இருந்தால்தான் தீயை அணைப்பார்களாமே? இல்லையென்றால் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்களாம். படங்களில்கூடச் சுவரில் சின்னதாக அந்தப் பலகை தெரிகிறது.

கல்லச்சு
திங்கள், மதியம் 12:30

எல்லாச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்லும் கதை இது, நம்பாதீர்கள். யோசித்துப் பாருங்கள்: நெருக்கியடித்த மர வீட்டுத் தெருவில் காப்பீடு இல்லாத வீட்டை எரியவிட்டால் பக்கத்தில் இருக்கும் காப்பீட்டு வீடு மட்டும் தப்புமா?

பலகை நிஜம். லண்டனில் 1666 பெருந்தீக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் செலவில் சொந்தப் படைகளை வைத்திருந்தன. 1833இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் ஒரே படையாக்கின. அமெரிக்காவில் படை காப்பீட்டுக்காரனுடையது இல்லை, ஊர்க்காரர்களுடையது. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736இல் யூனியன் தீயணைப்புக் கம்பெனியைத் தொடங்கியபோது காப்பீட்டு நிறுவனமே அங்கு இல்லை. அது வந்தது 1752இல், அதற்கும் அவர்தான் முன்னின்றார். அதன் சின்னம் நான்கு கைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பது. அந்தப் பலகை இன்றும் பிலடெல்பியாப் பழைய வீடுகளில் இருக்கிறது.

பிராங்க்ளின் கம்பெனி ஆட்கள் ஆளுக்குத் தோல் வாளியும், சாமான் அள்ள வலுவான துணிப் பையும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பையோடு கட்டில் சாவி என்று ஒன்றும் அந்தக் காலத் தீயணைப்புக்காரர்கள் கொண்டுபோவார்கள். வீட்டில் விலை உயர்ந்த சாமான் பெரும்பாலும் கட்டில்தான். மரச் சட்டங்களை இறுக்கியிருக்கும் திருகைக் கழற்றி நாலே நிமிஷத்தில் பிரித்து வெளியே போட ஒரு திருகுசாவி. அக்காலப் படங்களில் தீ எரியும் வீட்டு வாசலில் கட்டிலும் மெத்தையும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

திண்ணை
திங்கள், மதியம் 12:41

கட்டில் சாவி! இது ஒன்றுக்காகவே வந்தது வீண்போகவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்
திங்கள், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி, எனக்கு ஒரு மணி நேரம் போதாது போலிருக்கிறது. புகைப்படம் எப்போது நுழைகிறது? அதையும் தொட்டுவிட்டு முடிக்கலாம் என்று பார்க்கிறேன்.

கல்லச்சு
திங்கள், இரவு 10:15

மறுத்துப்பேசி சொன்ன அதே ஹாம்பர்க்கில். பத்திரிகை பழைய படத்தில் தீயைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது ஹெர்மன் பியோவும் கார்ல் ஃபெர்டினான்ட் ஸ்டெல்ஸ்னரும் டாகேரியோடைப் (உலோகத் தகட்டில் படம் பிடிக்கும் ஆரம்பகால முறை) கேமராவைத் தூக்கிக்கொண்டு இடிபாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்ஸ்னரின் தகடு ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஆனால் அதில் தீ இல்லை, தீ முடிந்தபிறகு.

எரியும்போதே எடுத்தது 1853 ஜூலை 5. நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோ ஊரில் மாவு மில்கள் எரிந்தன. ஜார்ஜ் பார்னார்ட் அங்கேயே ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்துவிட்டார். தகட்டில் தீயின் மேல் சிவப்பைக் கையால் தீட்டியிருக்கிறார்கள்! கறுப்புவெள்ளையில் தீ வெறும் வெளிறலாகத்தான் விழுந்திருக்கும். ஆக முதல் தீப் புகைப்படத்துக்கும் கரியர் பட்டறைப் பெண்கள் செய்த அதே வேலை தேவைப்பட்டிருக்கிறது.

மறந்தே போனேன், 'வாழ்க்கை' வரிசை நான்கோடு நிற்கவில்லை. 1861இல் ஐந்தாவது, கைவண்டியும் நீராவி வண்டியும் அக்கம்பக்கமாக. 1866இல் ஆறாவது, தன்னார்வலர் போய்ச் சம்பளப் படை வந்தபிறகு, நீராவி வண்டிகள் மட்டும். ஆறையும் வரிசையாகக் காட்டினால் ஆட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது கண்ணுக்கே தெரியும்.

மறுத்துப்பேசி
திங்கள், இரவு 10:22

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் 1863 ஹார்ப்பர்ஸ் படம். அங்கே வைத்தால்தான் ஏன் 1865இல் சட்டம் போட்டுக் கலைத்தார்கள் என்பது புரியும்.

குழாய்க்காரர்
செவ்வாய், காலை 6:40

வைங்க. டெக்கர் பேரையும் சொல்லிட்டு வைங்க.

திண்ணை
செவ்வாய், காலை 9:55

கொசுறாக ஒரு கேள்வி, கல்லச்சு. ஒரு பழைய சாமான் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்ட கரியர் அண்ட் ஐவ்ஸ் (கரியரின் பிற்கால நிறுவனம்) தீயணைப்புப் படம் ஒன்றைப் பார்த்தேன். அசல் என்று அடித்துச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

கல்லச்சு
செவ்வாய், காலை 10:30

பணத்தைக் கொடுக்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். அசல் கல்லச்சு என்றால் நிழல் பகுதி ஒழுங்கில்லாத மணல்துகள் மாதிரித் தெரியும், கல்லின் சொரசொரப்பு அது. வண்ணம் அதன் மேல் தனியாக, கையால் தீட்டிய நீர்வண்ணமாக நிற்கும், சில இடத்தில் கோட்டை மீறியும் இருக்கும். வரிசை வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் 20ஆம் நூற்றாண்டு நகல். அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனம் 1930களிலிருந்து பல வருடம் இந்தப் படங்களைப் போட்டே காலண்டர் வெளியிட்டது. அவற்றைக் கிழித்துச் சட்டம் போட்டவை ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன.

அளவையும் பாருங்கள். 1854 வரிசை அசலில் படம் மட்டுமே சுமார் 26 அங்குல அகலம். கடையில் இருப்பது காலண்டர் அளவு என்றால் பூதக்கண்ணாடியைக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.